முழங்கால் தேய்வை அறிவது எப்படி?

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். முன்பெல்லாம் சளைக்காமல் சுற்றி வந்தவர், இன்று பாதி வழியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடிக்கிறார். கேட்டால் 'வாதம்' என்கிறார். பகவான் ரமணரும் இறுதி ஆண்டுகளில் கைத்தடி ஊன்றியே நடந்தார். அவருக்கும் வாதம் என்றே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆனால் இந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. மருத்துவமும் வேறு வேறு.

மூட்டுத் தேய்வில், களை எடுத்து எழும்போதும் படி இறங்கும்போதும் வலிக்கும், ஓய்வில் தணியும். காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். மடக்கினால் 'கரகர' என்னும். மாறாக, இரு கை விரல் மூட்டுகளும் வீங்கி, விறைப்பு ஒரு மணிக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதைத் தேய்வென்று விட்டுவிட்டால் விரல்கள் கோணிப்போகும்.

தேய்வை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பிறகு ஏன் இரத்தம் எடுக்கிறார்கள்? மற்ற நோய்களை விலக்கத்தான். தேய்வில் இ.எஸ்.ஆர். பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். யூரிக் அமிலம் கூடியிருந்தால் கௌட் உண்டா என்று பார்ப்பார்கள்.

எக்ஸ்ரேயை நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். குருத்தெலும்பு படத்தில் தெரியாது. அது தேய்ந்ததால் எலும்புகளின் இடைவெளி குறுகியிருப்பதும், ஓரத்தில் எலும்பு முளைத்திருப்பதும் தெரியும். உடல் பாரம் ஏறினால்தான் இடைவெளி சரியாகத் தெரியும். படத்தில் தேய்வு அதிகம், வலியோ குறைவு என்பவரும் உண்டு. ஆகவே படத்தை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

மூட்டு திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் கண்டால், தைலம் தேய்த்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.