அம்மா போட்ட சொண்டி காப்பி

(தொடர் கல்வி வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)

 

இன்று காலையில் எத்தனை பேர் காப்பி குடித்தீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம். எல்லோரும் தூக்கிவிட்டீர்கள்! சரி, காப்பிக்கு முன்னால் ஒரு வாய் கஞ்சியாவது குடித்தவர்கள் யார்? ஒரு கைகூட மேலே வரவில்லை.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது. அம்மா கூலி வேலைக்குப் போகிறாள். விடிந்ததும் ஒரு டம்ளர் காப்பி. அதோடு வயலுக்குப் போய்விடுவாள். பத்து மணிக்கு இன்னொரு காப்பி. மதியம் சோறு தின்றதும் ஒரு காப்பி. பொழுது சாய்ந்தால் மறுபடியும் ஒன்று. "காப்பி குடித்தால் பசி தெரியாது" என்பாள்.

பசிதான் தெரியவில்லை. உடம்பு என்ன ஆனது தெரியுமா?

போன வருடம் வேர்க்கடலை பிடுங்கும்போது அம்மா தலை சுற்றி விழுந்துவிட்டாள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்த அளவு 8 என்று சீட்டில் எழுதினார்கள். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு 11 இருக்க வேண்டும். அம்மாவுக்கு ரத்த சோகை!

நர்சம்மா கேட்டார்: "ஏக்கா, சாப்பாட்டோடு காப்பி, டீ குடிக்கிற பழக்கம் உண்டா?"

"உண்டும்மா. அது இல்லாமல் சோறு இறங்காது."

"அதை முதலில் தள்ளி வையுங்கள். கீரை, பயறு எல்லாவற்றிலும் இரும்புச் சத்து இருக்கிறது. காப்பியிலும் டீயிலும் உள்ள துவர்ப்பு அந்தச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் குடிக்காதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் காப்பியோடு போடாதீர்கள்."

இது எங்கள் அம்மா ஒருத்தியின் கதை அல்ல. 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தது. ஆந்திராவில் பத்துப் பெண்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ரத்த சோகை என்று அதில் தெரிந்தது. இந்த வகுப்பில் பத்துப் பெண்கள் இருக்கிறோம். நம்மில் யார் அந்த ஆறு பேர்? சோதித்துப் பார்த்தால்தானே தெரியும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்ன சொன்னாள்? "காப்பியை விட்டால் எனக்குத் தலை வலிக்கும். கையில் சூடாக ஒரு டம்ளர் இருக்க வேண்டும்."

அப்போதுதான் பாட்டியின் நினைவு வந்தது. புரட்டாசி மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தே திருமலைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகப் போவார்கள். இன்னும் அலிபிரியில் 3550 படி ஏற வேண்டும். கால் வீங்கி வருவார்கள். பாட்டி பெரிய குண்டானில் சுக்குக் காப்பி வைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாள். சுக்கைத் தெலுங்கில் சொண்டி என்கிறோம் அல்லவா? எங்கள் தெருவில் அதற்குச் சொண்டி காப்பி என்றே பெயர்.

அதில் காப்பிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது. பெயர் மட்டும்தான் காப்பி. அதைச் செய்வது சுலபம். எழுதிக்கொள்ளுங்கள்.

பொடிக்கு வேண்டியவை:
தனியா (கொத்தமல்லி விதை) – 100 கிராம்
சுக்கு – 25 கிராம்
மிளகு – 1 தேக்கரண்டி
சீரகம் – 1 தேக்கரண்டி
ஏலக்காய் – 4

சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். பிறகு உரலில் போட்டு இடியுங்கள். முழுச் சுக்கை மிக்சியில் போட்டால் பிளேடு கெட்டுவிடும். தனியாவைக் கல், மண் இல்லாமல் புடைத்துக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில், சிறு தீயில் வறுங்கள். வாசனை வந்து லேசாக நிறம் மாறினால் போதும். கருகினால் கசக்கும். மிளகையும் சீரகத்தையும் தனியாக வறுங்கள். எல்லாம் ஆறிய பிறகு ஏலக்காயும் சேர்த்துப் பொடி செய்யுங்கள். ஈரம் இல்லாத பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். பூஞ்சை பிடித்துவிடும்.

ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி. ஒன்றேகால் டம்ளர் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். சிறிது வெல்லம் போட்டு வடிகட்டுங்கள். பால் வேண்டும் என்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு ஊற்றுங்கள். வெல்லத்தோடு சேர்ந்து கொதித்தால் பால் திரிந்துவிடும்.

வெல்லத்துக்கு நாம் எங்கும் போக வேண்டாம். சித்தூர் வெல்ல மண்டி பேர் பெற்றது. ஆனால் பார்த்து வாங்குங்கள். வெல்லம் வெளுப்பாகத் தெரிய ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுகிறவர்கள் உண்டு. கருத்த வெல்லமே நமக்குப் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லமும் ஆகாது. அவர்கள் இனிப்பு இல்லாமல் குடிக்கட்டும்.

சுக்கு காரமானது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் போதும். வயிற்றுப் புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

கேழ்வரகிலும் இப்படிச் செய்யலாம். ராகியைக் கழுவி உலர்த்திக் கரும்பழுப்பாக வறுத்துப் பொடி செய்யுங்கள். கொதிக்க வைத்து வடிகட்டினால் காப்பி நிறம் வரும். நன்னாரி வேரையும் லேசாக வறுத்துக் கொதிக்க வைக்கலாம். வேரைக் கடையில் வாங்குங்கள். சேஷாசலம் காட்டுக்குள் போய்த் தோண்டாதீர்கள். அது காப்புக்காடு.

காப்பிக்குப் பதில் வேறொன்றைக் குடிப்பது புதிய பழக்கம் அல்ல. இருநூறு வருடங்களுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் நெப்போலியன் ஆண்ட காலம். போரினால் கப்பலில் காப்பிக்கொட்டை வருவது நின்றது. மக்கள் சிக்கரி என்ற செடியின் வேரை வறுத்துப் பொடித்துக் குடித்தார்கள். அதே சிக்கரிதான் இன்று நம் காப்பிப் பொடியிலும் கலந்திருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சிக்கரி கலந்த பொடியில் நூற்றில் 51 பங்காவது காப்பி இருக்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் பொட்டலத்தைத் திருப்பி அந்த எண்களைத் தேடிப் படியுங்கள். நாம் எண் படித்தது இதற்கும்தான்!

இப்போது மிக முக்கியமான ஒன்று. காட்டில் காய்க்கிற எல்லா விதையையும் வறுத்துக் குடித்துவிடக் கூடாது. பேயாவரை என்று ஒரு செடி. தெலுங்கில் கசிந்த என்பார்கள். சாலை ஓரத்தில் மஞ்சள் பூ பூத்து நிற்கும். இலையைக் கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். அதன் விதையை வறுத்துக் காப்பி போடலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் வருடா வருடம் குழந்தைகள் திடீரென்று நோயில் விழுந்து இறந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். குழந்தைகள் இந்தச் செடியின் காயைத் தின்றதுதான் காரணம் என்று 2007ஆம் ஆண்டு வாக்கில் மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். வறுத்தால் விஷம் குறையலாம். முழுதும் போனதா என்று நம் கண்ணுக்குத் தெரியுமா? ஆகவே மளிகைக் கடையில் வாங்குகிற, நாம் தினமும் சமைக்கிற பொருள் மட்டும் போதும்.

சரி, எங்கள் அம்மா என்ன செய்தாள்?

நாலு காப்பியை ஒரே நாளில் நிறுத்தவில்லை. திடீரென்று நிறுத்தினால் சில நாள் தலைவலி வரும். முதல் வாரம் மதியக் காப்பியை விட்டாள். அடுத்த வாரம் பத்து மணிக் காப்பியை விட்டாள். அந்த நேரங்களில் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாள். மாலையில் சொண்டி காப்பி. காலையில் முதலில் ராகி அம்பலி. அது தெம்பாக இறங்கிய பிறகு, நன்றாக நேரம் கழித்து, ஒரே ஒரு காப்பி. இரும்புச் சத்து மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். சோற்றில் கீரையும் ஒரு துண்டு எலுமிச்சையும் சேர்ந்தன. எலுமிச்சையின் புளிப்பு இரும்புச் சத்து உடம்பில் சேர உதவும்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதித்தோம். 8 இருந்தது 10.5 ஆனது.

தெருவில் எல்லோரும் என்ன சொன்னார்கள்? "சொண்டி காப்பி குடித்தாள், ரத்தம் ஊறிவிட்டது" என்றார்கள். இல்லை அக்கா, இல்லை! சொண்டி காப்பி மருந்து அல்ல. அது ரத்தம் ஊற வைக்காது. அம்மாவைத் தேற்றியது மாத்திரையும் சாப்பாடும்தான். அவற்றுக்குக் குறுக்கே நின்ற காப்பியை நகர்த்தி வைக்க, சொண்டி காப்பி கை கொடுத்தது. அவ்வளவுதான். இதை மறந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அம்மாவும் நிறுத்தவில்லை. இன்னும் 12 வர வேண்டுமே!

காசுக் கணக்கும் ஒன்று உண்டு. கடையில் ஒரு காப்பி 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு இரண்டு என்றால் 30 ரூபாய். 30 நாளைக்கு 900 ரூபாய். அதில் எத்தனை முட்டை, எத்தனை கட்டுக் கீரை வாங்கலாம்? யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சேதி. எங்கள் அம்மா இந்த வகுப்பில்தான் எழுத்து கற்றாள். பொடி பாட்டிலின் மேல் ஒரு தாளை ஒட்டி, "சொண்டி காப்பி. சாப்பாட்டோடு வேண்டாம்" என்று அவளே எழுதியிருக்கிறாள். "டோ" கொஞ்சம் கோணல்தான். ஆனால் அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சோற்றோடு காப்பி கேட்பதில்லை.

நீங்களும் ஒரு பாட்டில் செய்யுங்கள். உங்கள் கையாலேயே எழுதி ஒட்டுங்கள். அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்த அளவு பார்த்து வருவோம்.



கலந்து பேசுங்கள்
1. சாப்பாட்டோடு காப்பி, டீ ஏன் குடிக்கக் கூடாது?
2. சொண்டி காப்பி மருந்து அல்ல என்று ஏன் சொல்கிறார்?
3. உங்கள் ஊர்க் கடையில் தனியா, சுக்கு, மிளகு என்ன விலை? 100 கிராம் தனியாவில் பொடி செய்ய எவ்வளவு செலவாகும்? கணக்குப் போடுங்கள்.
4. உங்கள் பாட்டி காலத்தில் காலையில் என்ன குடித்தார்கள்? நாலு வரி எழுதுங்கள்.