ஞாயிறு முற்பகலும் மாலை ஏழு மணியும்



மின்துறையின் பெருமையைப் பாடி, வந்தவர்களை வாழ்த்தி, முதல் அமர்வின் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டு இறங்குவது நம்மூர்க் கருத்தரங்குத் தலைவர்களின் வழக்கம். நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறேன். இலங்கையின் மின்கட்டமைப்பு ஆகப் பலவீனமாக இருக்கும் நேரம் எது?

பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் முதலாம் ஆண்டு மாணவன்கூட மாலை ஏழு மணி என்றிருப்பான். வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் சமையலறையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும் வேளை அது. மின்நிலையங்களைக் கட்டியதும் கம்பிகளை இழுத்ததும் அந்த உச்சத் தேவையைச் சமாளிக்கத்தான். 2025 பெப்ரவரி 9 இந்த விடையைக் குழப்பிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். முற்பகல் பதினொரு மணி கடந்த சிறிது நேரத்தில் தீவு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் வந்த வினை என்றார் எரிசக்தி அமைச்சர். நாடு சிரித்தது, உலகப் பத்திரிகைகளும் சிரித்தன. மின்கட்டமைப்பில் அந்நேரம் சடத்துவம் குறைந்திருந்தது என்று மின்சார சபை பிறகு சொன்ன விளக்கம் அந்தச் சிரிப்பில் அமுங்கிப் போயிற்று.

அந்தச் சடத்துவம் என்னவென்று மாணவர்களுக்காக ஒரு சொல். மின்வெட்டு வந்தவுடன் கூரை விசிறி உடனே நின்றுவிடுவதில்லை, சிறிது நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலும் விக்டோரியா நீர்மின் நிலையத்திலும் சுழலும் பெரும் இயந்திரங்களுக்கும் அந்தக் குணம் உண்டு. எங்காவது ஒரு மின்பிறப்பாக்கி விழுந்தால், மற்றவை தம் சுழற்சியில் தேங்கிய சக்தியைக் கொடுத்து, 50 ஹேர்ட்ஸ் மீடிறன் சரிவதைச் சில விநாடிகள் தாமதப்படுத்தும். அந்தச் சில விநாடிகளில்தான் மற்றப் பாதுகாப்பு ஏற்பாடுகள் விழித்தெழுகின்றன. கூரைச் சூரியப் படல்களில் சுழல்வது எதுவுமில்லை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் ஞாயிறு முற்பகலில் தேவை குறைகிறது, கூரைகள் மின்சாரத்தைக் கொட்டுகின்றன, பெரிய இயந்திரங்களில் பல ஓய்வுக்குப் போகின்றன. திங்கள் மாலையென்றால் கட்டமைப்பு விழுங்கியிருக்கக்கூடிய பழுது, ஞாயிறன்று நாட்டையே சாய்த்தது. நுரைச்சோலையின் 900 மெகாவாட்டும் போனது. அது மீண்டு வரும்வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேரச் சுழற்சி மின்வெட்டு.

இதை வைத்துச் சூரியப் படல்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோருடன் நான் இல்லை. 2022 மார்ச் 31 அன்று 13 மணி நேரம் இருளில் இருந்தோம். எரிபொருள் வாங்க டொலர் இல்லை. வெயிலுக்கு டொலர் வேண்டியதில்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்று அரசு குறித்த இலக்கின் நியாயம் அங்கேதான் இருக்கிறது. என் சண்டை வேறு. படல் வாங்க மக்களை அழைத்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கம்பிக்கும் மின்கலத்துக்கும் கட்டுப்பாட்டறைக்கும் நாம் காட்டவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் உங்கள் கூரைப் படல்களை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை பொதுமக்களிடம் கேட்டுக்கொண்டது. வங்கிக் கடன் எடுத்துப் படல் போட்டவர் என்ன நினைத்திருப்பார்? ஒரு தேசிய மின்கட்டமைப்பைப் பத்திரிகை அறிவித்தலால் இயக்க முயன்றோம் என்பதே அதன் பொருள். கட்டுப்பாட்டறைக்குக் கூரைகள் தெரியவும் வேண்டும், அவசியமானால் அங்கிருந்தே குறைக்கவும் முடியவேண்டும். குறைத்ததற்கு ஈடும் கொடுக்கவேண்டும்.

இந்த ஆயத்தத்தை நிதானமாகச் செய்த நாடும் உண்டு. அயர்லாந்தும் ஒரு தீவுதான். காற்று, சூரியன் போன்ற, கட்டமைப்பின் மீடிறனோடு ஒத்துச் சுழலாத மூலங்கள் ஒரு கணத்தில் எத்தனை சதவீதம் வரை இருக்கலாம் என்பதற்கு அங்கே ஒரு வரம்பு உண்டு. 50 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, 2022இல் 75 சதவீதத்துக்கு வந்தார்கள். பத்து வருடங்களுக்கு மேல் பிடித்தது. பிரித்தானியாவோடு கடலடிக் கம்பித் தொடர்பு இருந்தும் அவ்வளவு நிதானம். நமக்கு அயல்நாட்டுத் தொடர்பு இன்னும் பேச்சளவில்தான்.

அயர்லாந்துக்கு இந்த அளவில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது: மலைநாட்டு நீர். 1918இலேயே பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரத்துக்குக் கணக்குப் போட்டுக்காட்டினார். லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். பகலில் வெயிலைப் பயன்படுத்தி நீரைத் தேக்கி, இரவில் திறந்துவிடுங்கள் என்று கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மகாவலி ஆற்றில் அது அவ்வளவு எளிதா? பொல்கொல்லை அணைக்கட்டில் வடக்கே திருப்பும் ஒவ்வொரு துளியும் விக்டோரியாவின் 210 மெகாவாட் நிலையத்துக்குக் கிடைக்காத துளி. அந்த நீரை எதிர்பார்த்து அநுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் வயல்கள் காத்திருக்கின்றன. மின்சாரத்தின் அவசரம் மணிக்கணக்கில், நெல்லின் அவசரம் வாரக்கணக்கில். இரண்டையும் ஒரே கணித மாதிரிக்குள் வைத்துக் கணக்கிடும் ஆய்வு ஒன்று வந்தால், பத்து மின்கலக் கட்டுரைகளுக்கு அது சமம் என்பேன். மகா ஓயாவில் திட்டமிட்டுள்ள 600 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் பற்றியும் அந்தக் கணக்கோடு சேர்த்தே பேசவேண்டும்.

வடக்கில் நமக்கு வேறொரு வாய்ப்பு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசியக் கட்டமைப்போடு இணையாமல் டீசலில் ஓடியவை. அங்கே 1,700 கிலோவாட் சூரியன், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட்மணி மின்கலம் கொண்ட கலப்புத் திட்டத்தை முதலில் சீன நிறுவனத்துக்குக் கொடுத்து, டில்லியின் அதிருப்திக்குப் பின் இந்திய நன்கொடையாக மாற்றிய கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த அரசியலைவிட அங்கே சேரப்போகும் அளவீடுகள் முக்கியம். டீசல் இயந்திரத்தை முற்றாக நிறுத்தி, நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் இன்வெட்டர்களே மீடிறனைப் பிடித்துவைக்க முடியுமா என்று சோதிக்க இதைவிடச் சிறந்த ஆய்வுகூடம் கிடையாது. அந்தத் தரவு ஒப்பந்தக்காரரின் கணினியிலேயே உறங்கிவிடக்கூடாது.

நிகழ்ச்சி நிரலில் ஒரு குறையும் தெரிகிறது. மன்னாரில் 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலைத் தொகுதி சுழன்றுகொண்டிருக்க, புதிய காற்றாலைகளுக்கு எதிராக 2025இல் அந்த மண்ணின் மக்கள் வீதிக்கு வந்தார்கள். கட்டமைப்புத் திட்டம் போடும் நாம் அவர்களில் ஒருவரையும் இங்கே அழைக்கவில்லை. நாளைய அமர்வுக்காவது அழைக்க நேரம் இருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் இன்றே தொலைபேசியை எடுக்கவேண்டும்.

கட்டுரை படிப்போருக்கு ஒரு நிபந்தனை. சதவீதம் ஒன்றைச் சொன்னால், அது எந்தக் கிழமைக்கு, எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். ஆண்டுச் சராசரி மட்டும் காட்டுபவரை நான் இடைமறிப்பேன், மனவருத்தம் வேண்டாம். கருத்தரங்கு தொடங்குகிறது. முதற் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.