வாள் வென்றது, மொழி வீழ்ந்தது



இன்றைய ஈராக்கின் வடபால், தைகிரிசு ஆற்றங்கரையில் அசூர் என்றொரு நகர் இருந்தது. அந்நகர்த் தெய்வத்தின் பெயரும் அசூரே. அவ்வூரினின்று எழுந்ததே அசீரியப் பேரரசு. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அது பாரசீகக் குடாவிலிருந்து எகிப்துவரை பரந்து நின்றது. அது யாங்ஙனம் எழுந்தது? யாங்ஙனம் வீழ்ந்தது? அதன் மொழி என்னாயிற்று?

கி.மு. 745-இல் அரியணை ஏறியவன் மூன்றாம் திக்லத்து பிலேசர். அவன் நிலைப்படையை வலுப்படுத்தினான். வென்ற நாடுகளைத் திறைகொண்டு விட்டுவிடாது மாநிலங்களாக்கி, ஆளுநரை அமர்த்தினான். இரும்புப் படைக்கலம், தேர், குதிரைப்படை, மதிலை இடிக்கும் பொறி ஆகிய அனைத்தும் அப்படையிடம் இருந்தன. கி.மு. 701-இல் சென்னாசெரிபு யூதநாட்டு இலாகீசுக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கல்லும் மண்ணும் குவித்து மதிலுக்கே சாய்தளம் அமைத்தான். அச்சாய்தளத்தின் எச்சம் இன்றும் உள்ளது. அப்போரைக் காட்டும் புடைப்போவியங்கள் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படைக்கலத்தினும் கொடியதாய் நின்றது அச்சம். கிளர்ந்தெழுந்த தலைவர்களின் தோலை உரித்துத் தூணில் போர்த்தியதாக இரண்டாம் அசூர்நசிர்பால் தன் கல்வெட்டில் தானே பெருமை பேசுகிறான். அச்சத்திற்கு அடுத்த கருவி குடிபெயர்ப்பு. சமாரியாவிலிருந்து மட்டும் 27,290 பேரைப் பெயர்த்ததாக இரண்டாம் சார்கோன் கணக்குக் காட்டுகிறான். வேரோடு பிடுங்கப்பட்டவன் எதிர்த்து நில்லான். உழவுக்கும் கட்டடப் பணிக்கும் ஆளாவான் என்பதே அரசின் எண்ணம். தான் எழுப்பிய புதுத் தலைநகரில், பலமொழி பேசிய மக்களைக் குடியமர்த்தி ஒரே வாயினர் ஆக்கியதாகவும் அவ்வேந்தன் பொறித்தான்.

ஒரே வாய் ஆயிற்று. ஆனால் அவ்வாய் பேசியது எம்மொழி?

அசீரியர் மொழி அக்காடியம். அதனைக் களிமண்ணில் ஆப்பெழுத்தால் எழுதினர், குறிகளோ பலநூறு. மேற்கிலிருந்து பெயர்க்கப்பட்டோருள் மிகப்பலர் பேசியது அரமேயம். அதற்கு எழுத்து இருபத்திரண்டே. தோற்சுருளில் மைகொண்டு எழுதலாம். குடிபெயர்ப்பால் அம்மொழி பேரரசெங்கும் பரவிற்று. வேந்தன் அரண்மனைச் சுவர்களிலேயே எழுத்தர் இருவர் அருகருகே நின்று எழுதுவதாய்ச் செதுக்கியுள்ளனர். ஒருவன் பலகையிலும் மற்றவன் சுருளிலும் எழுதுகிறான். ஊர் என்னும் நகரத்து அலுவலன் ஒருவன், இனி அரமேயத்தில் மடல் எழுத இசைவு வேண்டினான். சார்கோன் மறுத்தான், அக்காடியத்திலேயே எழுதுக என ஆணையிட்டான். வாயிலில் வேந்தன் தடுத்த மொழி, வீட்டினுள் முன்னரே புகுந்திருந்தது!

கி.மு. 614-இல் மேதியர் அசூர் நகரை அழித்தனர். 612-இல் மேதியரும் பாபிலோனியரும் கூடி நினிவேயை எரித்தனர். 609-இல் ஆரான் நகரில் எஞ்சிய ஆட்சியும் முடிந்தது. அசூர்பனிபால் தொகுத்த நூலகம் இடிபாட்டில் புதைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோண்டியபோது, துண்டுகளும் சேர முப்பதினாயிரத்திற்கு மேற்பட்ட ஏடுகள் கிடைத்தன. களிமண் ஆதலின் தீ அவற்றைச் சுட்டு இறுக்கியது. ஏடு பிழைத்தது, படிப்பார் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டளவில் ஆப்பெழுத்து வழக்கொழிந்தது. அறிஞர் மீண்டும் அதனைப் படித்துக் காட்டியது 1857-இல்.

அரமேயமோ அடுத்தெழுந்த பாரசீகப் பேரரசின் அலுவல் மொழியாயிற்று. இன்றும் அசீரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள் ஈராக்கிலும் சிரியாவிலும் வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுமொழி அக்காடியம் அன்று. அரமேயத்தின் வழிவந்த மொழியே.

அன்பர்களே! பிறர் மண்ணைப் பறித்தவன் தன் மொழியைப் பறிகொடுத்தான். பேரரசின் படையும் வேந்தன் ஆணையும் காவாத மொழியை எது காக்கும்? அடுப்பங்கரையில் தாய் பேசும் பேச்சும், பள்ளியில் பிள்ளை எழுதும் எழுத்துமே காக்கும். களிமண் ஏட்டில் இருப்பது மொழியின் எலும்பு. நாவில் இருப்பதே அதன் உயிர்.