நரம்பை ஆற்றும் வாசல்கள்

(நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



வைத்தியர்களாகிய எங்களிடம் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. பிறந்து சில நாளேயான பிள்ளைக்கு வலிப்பு வந்தால், "இது யார் செய்த பாவம்?" என்று கேட்பார்கள். காயம் ஆறிப் பல காலமாகியும் கால் எரிகிறது என்பவரைப் பற்றி, "இது வெறும் மனப்பிரமையோ?" என்று வீட்டார் கேட்பார்கள். இரண்டுக்குமான விடையின் ஒரு பகுதி, நரம்புக் கலத்தின் மென்சவ்விலுள்ள பொற்றாசியம் வாசல்களில் இருக்கிறது.

உயர்தர உயிரியலில் படித்ததைச் சற்று நினைவுகூருவோம். கணத்தாக்கம் எழும்போது சோடியம் அயன்கள் கலத்தினுள் பாய்கின்றன. பின்னர் பொற்றாசியம் அயன்கள் வெளியேற, கலம் ஓய்வுக்குத் திரும்புகிறது. கணவாயின் தடித்த நரம்பு நாரைக் கொண்டு ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இதனை விளக்கினார்கள். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கலத்தை அடக்கி ஆற்றும் இவ்வாசல்களின் எண்ணிக்கை நிலையானதன்று. பரம்பரையலகிலிருந்து செய்தி படியெடுக்கப்பட வேண்டும்; அது புரதமாக வேண்டும்; அப்புரதம் மென்சவ்வைச் சென்றடைய வேண்டும்; பழையது அகற்றப்பட வேண்டும். ஒவ்வொரு படியிலும் கலம் கூட்டலாம், குறைக்கலாம். ஈவ் மார்டரின் குழுவினர் நண்டின் வயிற்றை இயக்கும் நரம்புக் கலங்களை ஆராய்ந்தார்கள். ஒரே வகைக் கலத்திலேயே நண்டுக்கு நண்டு சில வாசல்களின் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேறுபட்டது. ஆயினும் தாளம் பிசகவில்லை. ஒன்று குறைந்தால் மற்றொன்றால் ஈடுசெய்யக் கலத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தச் சமநிலை எப்போதும் கைகூடுவதில்லை. கே.சி.என்.கியூ.2, கே.சி.என்.கியூ.3 எனும் பரம்பரையலகுகளில் ஏற்படும் மாற்றம் சில குடும்பங்களில் பச்சிளம் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்குவது 1998இல் தெரியவந்தது. பெரும்பாலும் சில மாதங்களில் அது தானாகவே நின்றுவிடும். மூளை வளர வளர இவ்வாசல்கள் பெருகுவது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆனால் அதே பரம்பரையலகின் வேறு மாற்றங்கள் கடுமையான மூளைப் பாதிப்பையும் தரும். ஆகவே தானாக நிற்கும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. குழந்தையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதில் தாயின் பாவம் எதுவுமில்லை.

எரியும் காலுக்கு வருவோம். நரம்பு காயப்பட்ட விலங்குகளில், ரெஸ்ற் எனப்படும் புரதம் உணர்வு நரம்புக் கலங்களில் அதிகரிக்கிறது. அது கே.சி.என்.கியூ.2 பரம்பரையலகில் ஒட்டி, அதனைப் படியெடுக்க விடாமல் தடுக்கிறது. வாசல்கள் குறைந்த கலம், தூண்டுதல் இல்லாமலே செய்தி அனுப்பத் தொடங்குகிறது. தோல் ஆறினாலும் கலம் ஆறுவதில்லை. போரிலே காலிழந்தவர்களும் நீரிழிவால் பாதம் எரிபவர்களும் எம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எல்லா நரம்பு வலிக்கும் இது ஒன்றே காரணமன்று. ஆனால் அந்த வலி பொய்யல்ல என்பதற்கு இது போதிய சான்று.

வாழைப்பழம் கூடச் சாப்பிட்டால் சரிவருமா என்று கேட்பவர்களும் உண்டு. உணவிலுள்ள பொற்றாசியம் வேறு, வாசல்களின் எண்ணிக்கை வேறு. சிறுநீரக நோயாளருக்குப் பொற்றாசியம் கூடுவது ஆபத்தாகவும் முடியலாம்.

சகோதரிகளே, வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புவோம். பிறகு வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். விஞ்ஞானம் கற்பித்த எம் பாடசாலைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அதுவே.