டக் படகின் ரப்பர் மெத்தை



பெரிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வருகிறது. சரக்கோடு சேர்த்து அதன் எடை 50,000 டன் இருக்கலாம். நடுக்கடலில் அது தானாக ஓடும். கரைப் பக்கம் வந்துவிட்டால் தடுமாறும். மெதுவாகப் போகும்போது சுக்கான் சரியாகக் கேட்காது. திரும்ப இடம் போதாது. நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. பஸ்ஸுக்கு இருப்பது போல அதற்குப் பிரேக் கிடையாது.

அப்போது சின்னப் படகுகள் இரண்டு மூன்று வரும். கயிறு கட்டி இழுக்கும். முகத்தால் முட்டித் தள்ளும். இவைதான் இழுவைப் படகுகள். துறைமுகத்தில் எல்லோரும் 'டக்' என்பார்கள். பார்க்கச் சிறிது. எஞ்சினோ மிகப் பெரிது. 40, 50 டன் விசையோடு தள்ளும் டக்குகள் நம் நாட்டுத் துறைமுகங்களில் உண்டு.

இரும்பு இரும்போடு மோதினால் என்ன ஆகும்? இரண்டும் நசுங்கும். அதனால் டக்கின் முகத்திலும் இரு பக்கங்களிலும் கறுப்பு ரப்பரைக் கட்டியிருப்பார்கள். இதற்குப் 'பெண்டர்' என்று பெயர். முன்காலத்தில் பழைய கயிற்றைப் பின்னித் தடித்த திண்டு போலச் செய்து முகத்தில் தொங்கவிடுவார்கள். பிறகு லாரி டயர் வந்தது. டயரை இன்றும் பார்க்கலாம். இப்போது இதற்கென்றே ரப்பரை அச்சில் வார்த்துச் செய்கிறார்கள்.

கப்பலின் பக்கச் சுவர் எவ்வளவு தடிமன் தெரியுமா? பல கப்பல்களில் ஒரு விரல் தடிமன்தான். உள்ளே விலா எலும்பு போல இரும்புச் சட்டங்கள் தாங்குகின்றன. எந்த இடம் வலுவானதோ அந்த இடத்தில் வெளியே 'டக்' என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும். அங்கேதான் முட்டித் தள்ள வேண்டும். எழுத்து தெரிந்தவருக்கு அது வழிகாட்டி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர். டக் 40 டன் விசையோடு தள்ளுகிறது. பெண்டர் கப்பலைத் தொடும் இடம் கதவில் பாதி அளவு என்றால், ஒரு சதுர மீட்டரில் 40 டன் அழுத்தும். முழுக் கதவு அளவு தொட்டால் அது 20 டன்னாகக் குறையும். விசை அதேதான். கப்பலுக்கு வலி பாதி. எண்ணெய்க் கப்பலாக இருந்தால் இது மிக முக்கியம். சுவர் கிழிந்தால் எண்ணெய் கடலில் கொட்டும். மீனவர் பிழைப்பு போகும்.

ஆகவே பெண்டர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. இந்த டக் எங்கே வேலை செய்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மேற்கு வங்காளத்தில் ஹல்தியா துறைமுகம் இருக்கிறது. அங்கே கப்பல்துறை 1977இல் திறக்கப்பட்டது. ஹூக்ளி ஆற்றில் நீர் ஏறும், இறங்கும். கப்பல்துறைக்குள் நீர் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். அதனால் இரு பக்கமும் கதவு வைத்த நீர்த்தொட்டி வழியாகக் கப்பலை உள்ளே விடுகிறார்கள். இதை 'லாக்' என்கிறார்கள். இடுக்கான வழி. இப்படிப்பட்ட இடத்தில் டக்கின் பக்கவாட்டு பெண்டர்தான் அதிகம் உரசும். மேற்குக் கரையில் கதை வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை பெரிது. டக் கப்பலைத் தள்ளிக்கொண்டே மேலும் கீழும் ஆடும். அதன் முகத்தில் உள்ள பெண்டர் மரத்தை அரம் ராவுவது போல ராவப்படும். ஒரே மாதிரி பெண்டர் இரண்டு இடத்துக்கும் பொருந்துமா?

முகத்துக்குப் பெரும்பாலும் உருளை வடிவம் வைப்பார்கள். நடுவே துளை இருக்கும். துளை வழியாகச் சங்கிலி போகும். 80 சென்டிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் துளையும் உள்ள உருளையில் ஒரு மீட்டர் துண்டே 400 கிலோவுக்கு மேல் எடை. பக்கங்களுக்கு ஆங்கில 'டி' எழுத்து வடிவம் போதும். தட்டையான பக்கம் படகோடு ஒட்டும். வளைந்த பக்கம் கப்பலைத் தொடும். அலை அதிகமுள்ள இடத்தில் வரிவரியாகப் பள்ளம் உள்ள பெண்டர் நல்லது. செருப்பின் அடியில் வரி இருப்பது போலத்தான். கப்பலை வழுக்காமல் பிடிக்கும். ரொம்ப இறுகப் பிடித்தாலும் ரப்பர் கிழியும் என்பதால் சில டக்குகளில் பெண்டர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள்.

படகின் முகம் வளைவானது. நேரான பெண்டரைச் சங்கிலி போட்டு இழுத்து வளைத்துக் கட்டலாம். ஆனால் அதிகமாக வளைத்தால் வெளிப்புறம் இழுபட்டே நிற்கும். அந்த இடத்தில் வெயிலும் காற்றும் பட்டு முதலில் வெடிக்கும். வளைவு அதிகமென்றால் வளைத்தே வார்த்த பெண்டரைக் கேட்டு வாங்க வேண்டும். காசு கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் அதுதான் சிக்கனம்.

ரப்பரின் தரத்துக்கு வருவோம். நம் நாட்டில் ரப்பர் அதிகம் விளைவது கேரளத்தில். அடுத்தது திரிபுரா. மரத்துப் பாலில் கிடைக்கும் ரப்பரை அப்படியே வைத்தால் வெயிலில் பிசுபிசுக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும். இதை 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். பிறகு கரித்தூள் சேர்க்கிறார்கள். பெண்டர் கறுப்பாக இருப்பது அதனால்தான். கரித்தூள் வலுவும் தரும், வெயிலையும் தாங்கும்.

சில வியாபாரிகள் பழைய ரப்பரை அரைத்துக் கலப்பார்கள். சுண்ணாம்புத் தூளையும் கலப்பார்கள். சுண்ணாம்பு ரப்பரைவிடக் கனம். அதே அளவு பெண்டர் மற்றதைவிடக் கனமாக இருந்தால் நல்ல சரக்கு என்று எண்ணி ஏமாறுபவர் உண்டு. உண்மை நேர்மாறாக இருக்கலாம். ஒரு சின்னத் துண்டைப் பரிசோதனைக்கூடத்தில் எரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கலப்படம் அதிகமென்றால் சாம்பல் அதிகம் மிஞ்சும். கடினத்தை அளக்கச் சிறு கருவி உண்டு. ஊசியை ரப்பரில் அழுத்தினால் எண் காட்டும். பெண்டருக்கு அது பெரும்பாலும் 60க்கும் 80க்கும் இடையில் இருக்கும். குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்று அலுவலகத்தில் எழுதிவிடுவது சுலபம். அந்த பெண்டரோடு கடலில் நிற்பவர் லஸ்கர்.

ஆமாம், இதில் ஆபத்து மனிதருக்குத்தான் அதிகம். பெண்டரைத் தாங்குவது சங்கிலி. உப்புத் தண்ணீரில் சங்கிலி தேயும், துருப்பிடிக்கும். ஒரு பக்கச் சங்கிலி அறுந்தால் பெண்டர் மறுமுனையில் தண்ணீரில் தொங்கும். அதைப் பிடிக்க ஒருவர் விளிம்பில் குனிவார். அதே நேரம் அலை டக்கைத் தூக்கிக் கப்பல் மேல் சாய்க்கும். 400 கிலோ ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே கை அகப்பட்டால் என்ன மிஞ்சும்? பெண்டர் அறுந்தால் முதலில் சிராங்குக்குக் குரல் கொடுக்க வேண்டும். டக் கப்பலைவிட்டு விலகி நிற்க வேண்டும். பிறகுதான் பெண்டரைத் தொட வேண்டும். அதுவும் கையால் அல்ல, கொக்கிக் கழியால்.

இந்த நிலை வராமல் பார்ப்பதுதான் பராமரிப்பு. புறப்படும் முன் ஒருவர் பெண்டரைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் தேய்மானம். அங்கே தடிமனை அளக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் சங்கிலி 18 ஆகிவிட்டால் மாற்றிவிடுவது பாதுகாப்பு. சங்கிலியை மாட்டும் ஷாக்கிளின் திருகாணி தானாகக் கழன்றுவிடும். அதைக் கம்பியால் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும். உருளை பெண்டரை அவ்வப்போது திருப்பிக் கட்டினால் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயும். நாள் கூட உழைக்கும்.

மேலே முடி போல மெல்லிய வெடிப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம். குறித்து வைத்தால் போதும். தேதி, இடம், ஆழம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். அடுத்த மாதம் அதே இடத்தை அளந்தால் வளர்கிறதா என்று தெரியும். வெடிப்பு உள் துளைவரை போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ரப்பருக்கு எண்ணெய் பகை. டீசல், கிரீஸ் பட்டால் ஊதிப்போய் மெதுவாகிவிடும். அழுக்கைக் கழுவ மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு. கூடாது. சோப்பும் நல்ல தண்ணீரும் போதும். அழகுக்காகப் பெயின்ட் அடிப்பதும் வேண்டாம்.

வெல்டிங் வேலை நடக்கும்போது தனிக் கவனம் தேவை. படகுக்கு உள்ளே வெல்டிங் வைத்தாலும் சூடு தகட்டின் மறுபக்கம் போகும். அங்கே பெண்டர் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே வெளியே ரப்பர் புகையும். அந்தக் கரும்புகை நஞ்சு. அதனால் பெண்டரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும். முடியாவிட்டால் வெளியே ஒருவர் தண்ணீர்க் குழாயோடு காவல் நிற்க வேண்டும்.

பெண்டருக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தங்கித் தகட்டை அரிக்கும். வெளியே தெரியாது. டக்கை உலர்துறையில் ஏற்றும்போதெல்லாம் பெண்டரைக் கழற்றித் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து மாட்ட வேண்டும்.

டயரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. தேய்ந்த டயரில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கையைக் கிழிக்கும். அப்படிப்பட்டதைக் கழற்றிவிடுங்கள். டயருக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு முட்டை இடும். அடியில் ஒரு துளை போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

கழித்த பெண்டர் முழுதும் கெட்டிருக்காது. தேயாத துண்டை அறுத்து எடுத்தால் சின்னப் படகுகள் கட்டும் படித்துறையில் தொங்கவிடலாம். பழைய சங்கிலியை மட்டும் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.