நிழற்கோடுகள்



கரும்பலகையில் எழுதி அழித்துப் பழகிய கை என்னுடையது. ஓய்வுக்குப் பின் உலோகத்தில் செதுக்கப் பயின்றபோது அப்பழக்கமே இடறிற்று.

என் அன்னையார் விட்டுச்சென்ற பித்தளைத் தட்டில் ஒரு கொடியின் விளிம்பை வெட்டினேன். தாளில் வரைந்ததுபோல் தட்டையாகக் கிடந்தது. அதற்குத் திரட்சி தருவன நிழற்கோடுகள். ஓரிலை மற்றோரிலையின் அடியில் நுழையுமிடத்தில் அவை நெருங்கித் தொடங்கும். அங்கே உளியை ஆழ ஊன்றி, இலையின் வளைவோடு செலுத்தி, மேடு வருமுன் மெல்ல உயர்த்திவிட வேண்டும். கோடு மயிரிழையாய் மெலிந்து மறையும். வளைவுக்காகத் திருப்ப வேண்டியது உளியையன்று, தட்டை. வெட்டப்படாத மேடு ஒளிர்வதால் இலை புடைத்து நிற்பதாகக் கண் மயங்கும். செருமானியக் கலைஞர் டியூரர், பொற்கொல்லரின் மைந்தர், 1514-இல் செப்புத்தகட்டில் செதுக்கிய ‘மெலன்கோலியா’வில் இருளும் ஒளியும் இத்தகைய கோடுகளால் அமைந்தவையே.

நானோ மேட்டின்மீதும் உளியை ஓட்டிவிட்டேன். இலை அவிந்தது. தேய்த்து எடுத்தால் தட்டில் பள்ளம் விழும். கற்பித்த பெரியவர் கடிந்துகொள்ளவில்லை. அருகிலிருந்த வெற்றிடத்தில் ஒரு சிற்றிலையை வெட்டி, என் பிழைக்கோடுகளை அதன் நிழலாக்கிவிட்டார். காண்போர் அச்சிற்றிலையையே முதலில் பாராட்டுகின்றனர். யான் மறுப்பதில்லை.