சிறுகுறிஞ்சானில் எதை அளக்கிறோம்?

  

மதுமேகத்துக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் சிறுகுறிஞ்சான் இலை பற்றி எனக்கும் துறை நண்பர்களுக்கும் உள்ள வழக்கை உங்களில் பலர் அறிவீர்கள். சாற்றுப் பொடியின் மேல் "ஜிம்னீமிக் அமிலம் 75 விழுக்காடு" என்று இருந்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. எந்த முறையில் அளந்தது என்று சொல்லாதவரை அந்த எண்ணை நம்பி மருந்து கொடுக்க முடியாது என்பது என் கட்சி.

ஜிம்னீமிக் அமிலம் என்ற பெயரின் கதையை ஊட்டியிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை மாகாண அரசின் கொயினா வேதியியலாளராக அங்கே இருந்த டேவிட் ஹூப்பர், இவ்விலையை ஆராய்ந்து 1887இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இலையை மென்றபின் சர்க்கரை இனிக்காது என்பது முன்பே தெரிந்த செய்தி. கொயினாவோடு புழங்கியவர் ஆதலால் அதன் கசப்பையும் சோதித்து, அதுவும் மங்குவதாகப் பதிவு செய்தார். இன்று உறுதியாக ஏற்கப்படுவது இனிப்பு மங்குவது மட்டுமே. இலைச்சாற்றில் அமிலம் சேர்த்து வந்த வீழ்படிவுக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று பெயரிட்டார். அன்றைய கருவிகளை வைத்துப் பார்த்தால் அது மிக உயர்ந்த வேலை. அதை நான் எங்கும் குறைத்துப் பேசியதில்லை.

பின்னாளில் வேதியியலாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, அது ஒரு சேர்மமன்று, ஒரு குடும்பம் என்று தெளிவாயிற்று. நடுவில் ஜிம்னீமாஜெனின் என்ற கரு, அதனோடு குளுக்குரோனிக் அமிலம், ஓரங்களில் டிக்லிக், அசெட்டிக் போன்ற அசைல் தொகுதிகள். இத்தொகுதிகள் மாறினால் நாவின் மேல் அதன் வலிமையும் மாறுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? இன்றும் பல ஆய்வகங்களில் சாற்றில் அமிலம் ஊற்றி, படிந்ததை வடித்து, உலர்த்தி, எடை போடுகிறார்கள். பிற சபோனின், பிசின், நிறமி என்று அமிலத்தில் கரையாத எல்லாமே அந்த எடைக்குள் வந்துவிடுகின்றன. "ஹெச்.பி.எல்.சி. இருக்கிறதே" என்பார்கள். அதிலும் பலர் நீராற்பகுப்பால் எல்லாவற்றையும் ஜிம்னீமாஜெனினாக மாற்றித்தான் அளக்கிறார்கள். அதன் மூலக்கூறு எடை சுமார் 507. ஜிம்னீமிக் அமிலம்-1 சுமார் 807. அசைல் தொகுதி இல்லாத வடிவம் சுமார் 683. அளந்ததை 1.6ஆல் பெருக்குவதா, 1.35ஆல் பெருக்குவதா? இலையில் எது எவ்வளவு இருந்தது என்ற சாட்சியத்தை நீராற்பகுப்பிலேயே அழித்துவிட்டு, பிறகு காரணியைத் தேடுகிறோம்!

1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வுகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர்கள் கொடுத்தது ஜிஎஸ்4 என்ற நீரில் கரையும் சாறு, நாளுக்கு 400 மி.கி. இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், இன்சுலின் எடுப்போர் 27 பேர். சர்க்கரை குறைந்தது, மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் குலுக்கல் முறையில் பிரித்து, போலிமருந்தோடு ஒப்பிட்ட ஆய்வுகள் அல்ல அவை. அந்தப் பலனை வேறொரு கரைப்பானில் எடுத்த பொடிக்கு "75 விழுக்காடு" என்ற ஒரே சான்றை வைத்து மாற்றி எழுதுவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. நாவில் இனிப்பை மறைப்பதும் குருதியில் சர்க்கரையைக் குறைப்பதும் ஒரே மூலக்கூறின் வேலை என்று யார் நிறுவினார்கள்?

இனிப்பை மறைக்கும் பொருள் இன்னொன்றும் உண்டு: இலையிலுள்ள குர்மரின், 35 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு. எலியின் நாவில் அது இனிப்பை அடக்கும். மனித நாவில் அவ்வளவாக இல்லை. எலியில் கண்டதை மனிதருக்கு ஏற்றிச் சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. பறித்த பருவம், நிழலில் உலர்த்தியதா வெயிலிலா என்பன தனியே ஆராயத்தக்கவை. நீராற்பகுக்காமல் ஒவ்வோர் அமிலத்தையும் தனித்தனியே பிரித்து அளக்கும் வேலையை ஒரு மாணவர் எடுத்துக்கொள்ளலாம். சித்த மருத்துவர் கொடுக்கும் குடிநீரையும் சூரணத்தையும் அதே முறையில் பார்க்க வேண்டும். இன்சுலினோடு சேர்த்து உண்போருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது பற்றிய பதிவும் தேவை.